செய்தியைப் படிக்கும் முன் பெயரைத் தேடும் பழக்கம்: சார்பு ஊடகத்திலா, என் கண்ணிலா?

கேள்வி
எழுதியவர்: ஓரவரி

வணக்கம். நான் பிறந்த சமூகத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. குறிப்பிட்டால் பேச்சு முழுவதும் அச்சமூகத்தைப் பற்றியதாகத் திரும்பிவிடும் என்பதை முன்பே பட்டு அறிந்திருக்கிறேன். எங்களைப் பற்றிச் செய்தி வருவதென்றால் பெரும்பாலும் யாரோ கைதானதாகத்தான் வரும் என்று மட்டும் சொன்னால் இங்கே போதும்.

சில ஆண்டுகளாக எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. எங்கேனும் பெரிய குற்றம் நடந்த செய்தியைக் கண்டால், என்ன நடந்தது, யார் பாதிக்கப்பட்டார் என்று படிப்பதற்கு முன்பாகவே, பிடிபட்டவரின் பெயர் என்ன என்றுதான் என் கண் தேடுகிறது. அது எங்களவர் பெயராக இல்லாவிட்டால் நெஞ்சில் ஓர் ஆறுதல் பரவுகிறது. ஓர் உயிர் போயிருக்கிற செய்தியில் எனக்கு என்ன ஆறுதல் வேண்டிக் கிடக்கிறது என்று அடுத்த கணமே வெட்கமாக இருக்கிறது. எங்களவர் பெயராக இருந்துவிட்டாலோ, மறுநாள் அலுவலகத்தில் யார் என்ன கேட்பார், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன் என்று இரவே ஒத்திகை தொடங்கிவிடுகிறது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். "உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த விதிவிலக்குப் பட்டத்தை நான் புன்னகையோடு வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், என் உறவினர் அத்தனை பேரையும் விட்டுக்கொடுத்துவிட்டதாகவே தோன்றுகிறது.

அண்மையில் இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "நடந்ததைத்தானே எழுதுகிறார்கள், நீதான் எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொள்கிறாய்" என்றார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஏனெனில் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் பொய்யான ஒரு சித்திரம் எழுகிறது. இது எப்படி நேர்கிறது? ஊடகத்தின் சார்பு எது, என் மனத்தில் உள்ள புண் எது என்று பிரித்தறிய வழி உண்டா? பிரித்தறிந்த பின் அதனோடு எவ்வாறு காலம் தள்ளுவது?

மறுமொழி 1
எழுதியவர்: பழையமேசை

நாளிதழ் ஒன்றில் இரவுப்பணித் துணை ஆசிரியராக நெடுங்காலம் இருந்தவன் நான். நீங்கள் கேட்டிருக்கும் "எப்படி நேர்கிறது" என்பதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல இயலும்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் நீரில் மூழ்கிக் கிடந்தபோது வெளியான இரண்டு புகைப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மனிதர்கள் மார்பளவு நீரில் உணவுப்பொருள்களோடு நடக்கிறார்கள். ஒரு செய்தி நிறுவனம், கறுப்பின இளைஞர் ஒருவரின் படத்துக்குக் கீழே, அவர் கடையைச் சூறையாடிவிட்டு வருவதாக எழுதியது. வேறொரு நிறுவனம், வெள்ளையர் இருவரின் படத்துக்குக் கீழே, அவர்கள் கடையொன்றிலிருந்து ரொட்டியும் குளிர்பானமும் கண்டெடுத்து வருவதாக எழுதியது. கண்டனம் எழுந்தபோது இரு தரப்பிடமும் விளக்கம் இருந்தது. அந்த இளைஞர் கடைக்குள் சென்று பொருளை எடுத்ததைத் தம் புகைப்படக்காரர் கண்ணால் பார்த்தார் என்றது முதல் நிறுவனம். பொருள்கள் நீரில் மிதந்து வந்தன என்றார் மற்றப் படத்தை எடுத்தவர். இரண்டு விளக்கமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படித்தவர்கள் அந்த விளக்கங்களைப் படிக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்ட இரண்டு சொற்களைப் படித்தார்கள். எழுதியவர் தம் மேசையில் ஒரு படத்தைத்தான் பார்க்கிறார், படிப்பவரோ ஓராண்டுப் படங்களைச் சேர்த்து மனத்தில் வைத்திருக்கிறார். உங்கள் நண்பருக்கு வேண்டிய பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இரவு பதினொரு மணிக்கு மேல் செய்தி மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சதி செய்ய நேரமிருப்பதில்லை. காவல்துறையின் செய்திக்குறிப்பு வரும். அதில் கைதானவரின் பெயர், வயது, ஊர், இனம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். கையில் இருப்பதை நீக்குவதற்குத்தான் யோசனை தேவை, அப்படியே போடுவதற்குத் தேவையில்லை. தலைப்புக்கு ஐந்தாறு சொற்களே இடம் கொள்ளும். அந்த இடத்தில் ஓர் ஆளின் தொழிலைப் போடுவதைவிடச் சமூகத்தைப் போட்டால் தலைப்பு "நிற்கும்" என்று எங்களுக்குக் கற்றுத்தரப்பட்டது, நாங்களும் பின்னால் வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோம். கைதான செய்தி முதல் பக்கத்தில் வரும். வழக்கு நடந்து முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தச் செய்தியை எழுதிய நிருபர் வேறு துறைக்கோ வேறு ஊருக்கோ மாற்றலாகியிருப்பார். விடுதலைத் தீர்ப்பு வரும் நாளில் நீதிமன்றத்தில் நம் ஆள் இருப்பதில்லை. அதுவும் வெளியாவதானால், உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் முடியும்.

1965-இல் நார்வே ஆய்வாளர்கள் யோஹான் கால்டுங்கும் மாரி ரூகேவும், காங்கோ, கியூபா, சைப்பிரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டு நாளிதழ்கள் நான்கு எவ்வாறு வெளியிட்டன என்று ஆராய்ந்து, ஒரு நிகழ்வு செய்தியாவதற்கான காரணிகளைத் தொகுத்தார்கள். அவற்றுள் இரண்டை நான் மேசையில் நாள்தோறும் கண்டிருக்கிறேன். எதிர்பார்ப்போடு பொருந்துவது எளிதில் செய்தியாகிறது. ஒருமுறை செய்தியானது மறுபடியும் செய்தியாகிறது. உங்கள் சமூகத்தவர் ஒருவர் களவாடினால் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கதையின் அடுத்த அத்தியாயம். வேறொருவர் களவாடினால் அது வெறும் களவு.

இந்த வழக்கத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் மேசையில் இருந்தால்தான் யாராவது கேள்வி எழுப்புவார்கள். அமெரிக்க நகரக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம் 1968-லேயே, பத்திரிகைகள் வெள்ளையரின் கண்வழியே உலகைப் பார்க்கின்றன என்று எழுதி, கறுப்பினச் செய்தியாளர்களைப் பணிக்கு எடுக்கச் சொன்னது. எங்கள் மேசையில், நான் இருந்த காலம் முழுவதும், உங்களைப் போன்ற ஒருவர் இருந்ததில்லை. அதை நான் கவனித்ததே ஓய்வுபெற்ற பிறகுதான்.

மறுமொழி 2
எழுதியவர்: எண்ணிப்பார்

பழையமேசை ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவரின் இரண்டாம் கேள்வியை, அதாவது "என் கண்ணிலா" என்பதை, யாரும் ஆறுதலுக்காகத் தள்ளிவிடக் கூடாது.

1982-இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலையைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குக் காட்டிச் செய்த ஆய்வு ஒன்று 1985-இல் வெளியானது. இஸ்ரேலை ஆதரித்தவர்களும் அரபுத் தரப்பை ஆதரித்தவர்களும் ஒரே செய்தியைத்தான் பார்த்தார்கள். செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று இரு தரப்பினருமே கூறினார்கள். ஆகவே ஒரு செய்தி நம்மைக் காயப்படுத்துகிறது என்பது அச்செய்தி சாய்ந்திருக்கிறது என்பதற்குத் தனியே சான்றாகாது. தனியே என்ற சொல்லைக் கவனியுங்கள்.

மறுபுறம், சாய்வு உண்மையாகவே அளக்கப்பட்ட இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த 136 பயங்கரவாதத் தாக்குதல்களுக்குக் கிடைத்த பத்திரிகைக் கவனத்தைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. இறந்தவர் எண்ணிக்கை, தாக்கப்பட்ட இலக்கு, கைது நடந்ததா என்பன போன்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகும், தாக்கியவர் இசுலாமியராக இருந்த நிகழ்வுகளைப் பற்றி 357 விழுக்காடு கூடுதலாகச் செய்திகள் வந்திருந்தன. இங்கும் தனித்தனிச் செய்தி பொய்யில்லை. எண்ணிக்கையில்தான் சாய்வு இருக்கிறது. எண்ணாமல் அதைப் பார்க்கவே முடியாது.

இந்த எண்ணிக்கை பார்ப்பவரின் நினைவுக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதற்கு கில்லியம், ஐயங்கார் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் செய்த சோதனையைச் சொல்லலாம். உள்ளூர்க் குற்றச்செய்தி ஒன்றில் குற்றவாளி யார் என்றே காட்டாமல் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களில் 60 விழுக்காட்டினருக்கும் மேல் குற்றவாளியைப் பார்த்ததாக நினைவுகூர்ந்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் 70 விழுக்காட்டினர் அவர் கறுப்பினத்தவர் என்றார்கள். செய்தி காட்டாததையும் பழகிய கண் நிரப்பிக்கொள்கிறது. உங்கள் அலுவலகத்தில் அன்போடு கேட்பவர்களின் கண்ணும் இப்படிப் பழகியதுதான். உங்கள் கண்ணும் அப்படியே.

ஆதலால் எண்ணுங்கள் என்பதுதான் என் யோசனை. ஒரே நாளிதழை எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்துக் குற்றச்செய்திகளை எல்லாம் படியுங்கள். உங்களை உறுத்துபவற்றை மட்டும் எடுத்தால் கணக்குத் தொடக்கத்திலேயே கெட்டுவிடும். ஆளின் சமூகம் சொல்லப்பட்டிருக்கிறதா, சொல்லாவிட்டால் செய்தி புரியாமல் போயிருக்குமா என்ற இரண்டையும் குறியுங்கள். பிறகு, உங்கள் சமூகத்தவர் குற்றமல்லாத செய்திகளில் எங்கே வருகிறார்கள் என்று அதே நாளிதழில் தேடுங்கள். யார் செய்தியில் வரவில்லை என்பதும் சார்புதான். செய்திகளில் பேசப்படுபவர்களிலும் பேசுபவர்களிலும் பெண்கள் எத்தனை பேர் என்று உலக அளவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணும் திட்டம் ஒன்று இருக்கிறது. 1995-இல் 17 விழுக்காடாக இருந்தது 2020-இல் 25 விழுக்காடுதான் ஆயிற்று. யாரும் திட்டமிட்டு அவர்களை வெளியே நிறுத்தியதாகத் தெரியவில்லை. எண்ணியதால்தான் தெரிய வந்தது.

மறுமொழி 3
எழுதியவர்: மறுபக்கம்

சற்றே கசப்பான ஒரு கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். சமூக அடையாளத்தைச் செய்தியிலிருந்து நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று இங்கே ஓர் எண்ணம் இழையோடுகிறது. ஜெர்மனியில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் இனத்தையோ மதத்தையோ, அது நிகழ்வைப் புரிந்துகொள்ளத் தேவைப்பட்டாலொழியக் குறிப்பிடக் கூடாது என்று அந்நாட்டுப் பத்திரிகை நெறிமுறை கூறியது. 2015-ஆம் ஆண்டு முடிந்த புத்தாண்டு இரவில் கொலோன் நகரில் பெண்கள்மீது நடந்த தாக்குதல்களுக்குப் பின், பத்திரிகைகள் எதையோ மறைக்கின்றன என்ற சந்தேகம் பெருகிற்று. அடையாளம் குறிப்பிடப்படாத ஒவ்வொரு குற்றத்தையும் அயல்நாட்டவரே செய்திருப்பார் என்று வாசகர்கள் கருதத் தொடங்கினார்கள். 2017-இல் அந்நெறி சற்றே தளர்த்தப்பட்டு, பொதுநலன் சார்ந்த தக்க காரணம் இருந்தால் குறிப்பிடலாம் என்று மாற்றி எழுதப்பட்டது. டிரெஸ்டனிலிருந்து வெளிவரும் சாக்சிஷே சைட்டுங் என்ற நாளிதழ் 2016-லேயே வேறொரு வழியை எடுத்தது: குற்றம் சாட்டப்பட்டவர் ஜெர்மானியராக இருந்தாலும் சரி, வேறு நாட்டவராக இருந்தாலும் சரி, எல்லாச் செய்திகளிலும் நாட்டைக் குறிப்பிடுவது என்று முடிவு செய்தது.

எனக்கு அந்த நாளிதழின் வழியே நேர்மையாகப் படுகிறது. மௌனம் நடுநிலையாகாது, படிப்பவர் அந்த மௌனத்தைத் தமக்கு ஏற்றபடி நிரப்பிக்கொள்வார். ஓரவரி அவர்களின் கண் பெயரைத் தேடுவது போலவே மற்றவர்களின் கண்ணும் தேடும். பெயர் இல்லையென்றால் கற்பித்துக்கொள்ளும்.

மறுமொழி 4
எழுதியவர்: பழையமேசை

மறுபக்கம் அவர்களுக்கு: எல்லாருக்கும் குறிப்பிடுவது, எவருக்கும் குறிப்பிடாமல் விடுவது ஆகிய இரண்டுமே ஒழுங்கான விதிகள்தாம். நாங்கள் பின்பற்றியதோ மூன்றாவது விதி. பெரும்பான்மையினருக்குச் சொல்லாமல் விடுவோம், சிறுபான்மையினருக்குச் சொல்வோம். அதற்கு விதி என்ற பெயரும் கிடையாது, பழக்கம் என்றுதான் பெயர். நீங்கள் சொன்ன வழியில் எனக்கு ஒரேயொரு அச்சம். நாட்டைச் சொல்லலாம் என்று தொடங்கினால் சாதி, மதம் எனக் கேட்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். பொதுவாகவே சாதி அடையாளத்தைத் தவிர்க்க வேண்டும், குறிப்பாக அச்சாதியை இழிவுபடுத்தும் பொருள் தரும்போது, என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிகளில் எழுதி வைத்திருப்பது காரணமின்றி அன்று.

மறுமொழி 5
எழுதியவர்: கரையேறியவர்

ஓரவரி, உங்களைவிட வயதில் மூத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நானும் பேர் போன ஒரு சமூகத்தில் பிறந்தவள்தான். இவர்கள் எல்லாரும் செய்தியைப் பற்றிப் பேசிவிட்டார்கள். செய்தி முடிந்த பின் வரும் திங்கட்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம்மில் சொல்வோம். ஒரே பானையில், ஒரே தீயில், ஒரே நீரில் வெந்த பருக்கைகளுக்கு அது பொருந்தும். மனிதர்களை அப்படி ஒரே பானையில் வேகவைத்தவர் எவரும் இல்லை. ஆனாலும் நம்மில் ஒருவர் பிழை செய்தால் நாம் பதம் பார்க்கப்படுகிறோம், அவர்களில் ஒருவர் பிழை செய்தால் அவர் மட்டும் பதராகிறார். 1995-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தபோதும், 2011-இல் நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோதும், முதல் சில மணி நேரங்களில் ஊடகங்களில் பேசிய பலரும் இசுலாமியத் தீவிரவாதிகளையே சந்தேகித்தார்கள். இரண்டிலும் பிடிபட்டவன் அந்த நாட்டிலேயே பிறந்த வெள்ளையன். அதற்குப் பிறகு அவனுடைய சமூகத்தார் யாரிடமும் அலுவலகத்தில் போய், "நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை" என்று ஒருவரும் ஆறுதல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்படாத அந்த ஆறுதல்தான் நமக்கு அன்பாக வழங்கப்படுகிறது.

நான் நெடுநாள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்களில் மருத்துவர் உண்டு, ஆசிரியர் உண்டு, படைவீரர் உண்டு என்று பட்டியல் ஒப்பிப்பேன். அது ஒரு நாள் அலுத்துப்போயிற்று. பட்டியல் ஒப்பிக்கும்போதே, பட்டியலில் இடம்பெறாத சாதாரண மனிதருக்கு மதிப்பில்லை என்று நானே ஒப்புக்கொள்கிறேன் என்பது அப்போது உறைத்தது. சராசரியாக, சிடுமூஞ்சியாக, சோம்பேறியாகக்கூட இருப்பதற்கு மற்றவர்களுக்கு உள்ள உரிமை எங்களுக்கும் வேண்டும்.

பிறகு நான் கடைப்பிடித்தது மிக எளிய ஒன்று. "இந்தச் செய்தியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், "நீங்கள் படித்த அளவுதான் நானும் படித்தேன்" என்பேன். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்பவர் அதற்கு மேலும் உட்கார்ந்து பேசுவார். அவர்களோடு மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன், அவர்களில் இருவர் என் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். மற்றவர்கள் வானிலைக்கு மாறிவிடுவார்கள்.

பெயரைத் தேடும் பழக்கத்தைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். அடி வாங்கிய இடத்தைக் கை தானாகவே மறைக்கும். ஆனால் இரவு ஒத்திகையை மட்டும் நிறுத்தப் பாருங்கள். நான் ஒத்திகை பார்த்த கேள்விகளில் பாதியை யாருமே கேட்டதில்லை. தூக்கம் மட்டும் போயிற்று.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: ஓரவரி

எல்லாருக்கும் நன்றி. ஏழு வாரங்களாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எண்ணிப்பார் சொன்னபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிவுகள் என் நண்பர் சொன்னதற்கும் நான் நினைத்ததற்கும் இடையே எங்கோ நிற்கின்றன. எங்கள் சமூகத்தின் பெயரோடு வந்த குற்றச்செய்திகள் நான் நினைத்திருந்ததைவிடக் குறைவாகவே இருந்தன. பல மாதங்களாக மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த தலைப்பு ஒன்றைத் தேடி எடுத்தபோது, அதில் எங்கள் பெயரே இல்லை. நானாகவே சேர்த்து நினைவில் வைத்திருந்திருக்கிறேன். கில்லியம், ஐயங்கார் சோதனையில் நானும் தேறியிருக்க மாட்டேன். இதை ஒப்புக்கொள்ள ஓர் இரவு தேவைப்பட்டது.

ஆனால் நான் தேடாத ஒன்று கண்ணில் பட்டது. அதே மாதத்தில் எங்களவர் இருவர் நல்ல காரணங்களுக்காகச் செய்தியில் வந்திருந்தார்கள். ஒருவர் ஆராய்ச்சிக்காகப் பரிசு பெற்றவர், மற்றவர் தீவிபத்தில் அண்டை வீட்டாரைக் காப்பாற்றியவர். பெயர்களைக் கொண்டு எனக்குத் தெரிந்தது; செய்தியில் அவர்களுடைய சமூகம் குறிப்பிடப்படவில்லை. பரிசு பெற்றவர் "ஆராய்ச்சியாளர்", காப்பாற்றியவர் "இளைஞர்". நல்லது செய்தால் தனிமனிதர், தவறு செய்தால் சமூகத்தவர். இது என் புண்ணால் வந்த காட்சி அன்று. எவர் எண்ணினாலும் கிடைக்கக்கூடியது.

கரையேறியவர் அம்மா சொன்ன வாக்கியத்தை இருமுறை பயன்படுத்திவிட்டேன். முதல்முறை குரல் நடுங்கிற்று. இரண்டாம் முறை அவர் உண்மையாகவே வானிலைக்கு மாறிவிட்டார்.

குறிப்பாக ஒரு செய்தியின் தலைப்பில் சமூகத்தின் பெயர் தேவையே இல்லாமல் இருந்தது. அதுவும் கைதானவர் எங்கள் சமூகத்தவரே அல்லர் என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் தெளிவாக இருந்தது. ஆசிரியருக்கு எழுதினேன். நான்கு நாளில் இணையப் பதிப்பில் தலைப்பை மாற்றி, அடியில் ஒரு வரித் திருத்தமும் போட்டார்கள். ஆனால் அந்தச் செய்தியின் இணைய முகவரியில் பழைய தலைப்பின் சொற்கள் அப்படியே இருக்கின்றன. யாராவது அதைப் பகிர்ந்தால் எங்கள் பெயர்தான் முதலில் தெரிகிறது. பழையமேசை ஐயா, இதையும் மாற்றச் சொல்லிக் கேட்க முடியுமா?

மறுமொழி 6
எழுதியவர்: பழையமேசை

கேட்கலாம். முகவரியை மாற்றிவிட்டு, பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடுவது அவர்களுடைய தொழில்நுட்பப் பிரிவுக்குச் சில நிமிட வேலை. "முடியாது" என்று பதில் வந்தால், செய்ய மனமில்லை என்று பொருள்.

கடிதத்தை எப்படி எழுதுவது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். எங்களை இழிவுபடுத்துகிறது என்று எழுதாதீர்கள். பிழையான தகவல் இன்னும் வெளியீட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள். பிரிட்டனின் பத்திரிகை நெறிமுறையில் பாகுபாட்டுக்கு எதிரான விதி தனிமனிதர்களுக்கு மட்டுமே பொருந்தும், ஒரு கூட்டத்தைப் பற்றிப் பொதுவாக எழுதினால் அவ்விதியின்கீழ் முறையிட வழியில்லை. ஆதலால் அங்கே விவரம் அறிந்தவர்கள் துல்லியத்தைக் கோரும் விதியின்கீழேயே முறையிடுகிறார்கள். மேசையில் இருப்பவரின் மனநிலையும் அதுதான். மனம் புண்பட்டதாக வரும் கடிதத்துக்கு நான் அனுதாபப்பட்டு, அடுத்த கடிதத்தைப் பிரித்துவிடுவேன். "உங்கள் பக்கத்தில் இந்தச் சொல் பிழை, உங்கள் செய்தியின் கடைசிப் பத்தியே அதற்குச் சான்று" என்று வரும் கடிதத்தை மடித்து வைக்க என்னால் இயன்றதே இல்லை. எழுதும்போது செய்தி வெளியான தேதி, பழைய தலைப்பு, திருத்தம் வந்த தேதி, முகவரியின் படம் ஆகிய நான்கையும் இணைத்து, ஆசிரியருக்கும் இணையப் பிரிவுக்கும் ஒரே மடலில் அனுப்புங்கள். தனித்தனியே அனுப்பினால் ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிடுவார்.